இடைநிற்போரின் வலிமை: ஆட்டக் கோட்பாட்டு நோக்கில் சங்க அகமரபின் தோழியும் மேற்கு மாம்பலத்துத் திருமணத் தரகரும்

ஆய்வுச்சுருக்கம்

இருவரை இணைக்கும் வழியில் நிற்கும் மூன்றாமவர் எவ்வளவு வலிமை பெறுகிறார் என்பதை ஆட்டக் கோட்பாடு கணக்கிட்டுக் காட்டுகிறது. அக்கணக்கைச் சங்க அகமரபின் தோழிக்குப் பொருத்தினால் களவில் அவள் பெறும் பங்கும் கற்பில் அவள் இழக்கும் பங்கும் தெளிவாகின்றன. தன் வலிமையை முடித்துவைக்கும் வரைவையே தோழி வற்புறுத்துவது ஏன் என்னும் வினாவை அக்கணக்கு எழுப்புகிறது. ஆனால் அதற்கு விடை தருவதில்லை. குறிஞ்சிப்பாட்டையும் கோவூர்கிழாரின் புறப்பாடல்களையும் முன்வைத்து அவ்விடையைத் தேடும் இக்கட்டுரை, அதன் ஒளியில் மேற்கு மாம்பலம் போன்ற நகர்ப்புறக் குடியிருப்புகளின் திருமணத் தரகை மதிப்பிடுகிறது.

குறிச்சொற்கள்: ஆட்டக் கோட்பாடு, வலைப்பின்னல், தோழி, வாயில்கள், அறத்தொடு நிற்றல், குறிஞ்சிப்பாட்டு, திருமணத் தரகு, மேற்கு மாம்பலம்

முன்னுரை

சென்னையில் மேற்கு மாம்பலத்தையும் தியாகராய நகரையும் பிரிப்பது ஓர் இருப்புப்பாதை. பாதைக்கு மேற்கே குடியிருப்புகளும் கோயில்களும் திருமண மண்டபங்களும் உள்ளன. கிழக்கே பேரங்காடிகள் உள்ளன. மாம்பலம் தொடர்வண்டி நிலையத்தில் இறங்கி உஸ்மான் சாலைக்கு நடந்து செல்வோர் நெடுங்காலம் ரங்கநாதன் தெருவின் வழியாகவே சென்றனர். அத்தெருவின் வணிகப் பெருக்கத்துக்குக் காரணங்கள் பல. எனினும் நிலையத்துக்கும் கடைத்தெருவுக்கும் இடையே அது அமைந்த இடம் அவற்றுள் முதன்மையானது. 2023 மே மாதம் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 570 மீட்டர் நீளமுள்ள நடைமேம்பாலம் திறக்கப்பட்டபோது, தெருவில் கால்வைக்காமலே கடந்து செல்லும் மாற்றுவழி பிறந்தது. தெரு மாறவில்லை; அதனைத் தவிர்க்க இயலாது என்னும் நிலை மாறியது.

இதே பகுதியில் வேறு வகையான இடைவழி ஒன்றும் உண்டு. பெண் வீட்டாருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும் இடையே ஜாதகங்களைக் கொண்டுசெல்லும் திருமணத் தரகர் அவ்வழியில் நிற்பவர். கோயில் வாயிலிலும் மண்டபத்து வரிசையிலும் கேட்டறிந்த செய்திகளே அவருடைய முதல். தெருவுக்குப் பொருந்திய விதி தரகருக்கும் பொருந்துமா? பொருந்துமெனில், இடைநிற்பவரின் வலிமையைப் பற்றித் தமிழ் அகமரபு ஏற்கெனவே கூறியிருப்பது என்ன? இவ்விரு வினாக்களே இக்கட்டுரையின் பொருள்.

கோட்பாட்டு அடிப்படை

வலைப்பின்னல் என்பது கணுக்களும் அவற்றை இணைக்கும் கோடுகளும் சேர்ந்த அமைப்பு. மனிதரைக் கணுக்களாகவும் அவர்தம் தொடர்புகளைக் கோடுகளாகவும் கொண்டால் சமூகத்தையும் இவ்வாறு வரையலாம். மூன்றாமவர் ஒருவர் நுழைந்தவுடன் இருவருக்கிடையிலான உறவின் தன்மையே மாறிவிடுகிறது என்பதை ஜெர்மானியச் சமூகவியலறிஞர் ஜார்ஜ் சிம்மல் 1908இல் விளக்கினார். அம்மூன்றாமவர் நடுநிலையாளராக இருந்து இருவரையும் இணக்கலாம். இருவரின் பிரிவால் தாம் ஆதாயம் பெறலாம். ஆதாயத்துக்காக அவர்களைத் தாமே பிரித்தும் வைக்கலாம். தொடர்பற்ற இரு குழுக்களுக்கிடையிலான இடைவெளியே அதனை இணைப்பவரின் மூலதனம் என்னும் கருத்தை ரொனால்ட் பர்ட் 1992இல் விரித்துரைத்தார். ஃபிளாரன்ஸ் நகரத்து மெடிசி குடும்பத்தின் எழுச்சியைப் பற்றி 1993இல் வெளிவந்த பேட்ஜெட், ஆன்செல் ஆகியோரின் ஆய்வு இத்துறையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. தம்முள் நேரடித் தொடர்பு குறைந்த குடும்பங்கள் பலவற்றோடு திருமண உறவாலும் வணிக உறவாலும் பிணைந்திருந்ததே அக்குடும்பத்தின் அரசியல் வலிமைக்கு அடிப்படை என அது காட்டியது.

இவ்வலிமையை எண்ணால் அளக்கும் கருவியை ஆட்டக் கோட்பாடு தந்தது. பலர் கூடி ஈட்டிய பயனை அவரவர் இன்றியமையாமைக்கு ஏற்பப் பகிரும் முறையொன்றை லாய்டு ஷாப்லி 1953இல் வகுத்தார். உறுப்பினர் ஒவ்வொருவராக வந்து சேரும் எல்லா வரிசைகளையும் எண்ணி, எத்தனை வரிசைகளில் ஒருவரின் வருகையால் பயன் விளைகிறது என்று காண்பதே அம்முறை. தொடர்புக் கோடுகளின் வழியாக மட்டுமே கூட்டு உருவாக இயலும் என்னும் வரையறையை ரோஜர் மையர்சன் 1977இல் அதனோடு இணைத்தார்.

இருவர் சேர்ந்தால் விளையும் பயன் 1 எனக் கொள்வோம். இருவருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஒரேயொரு இடைநிற்பவர் வழியாகவே சேரமுடியும். மூவரும் இன்றிப் பயன் இல்லையாதலால் மூவருக்கும் தலைக்கு 1/3 பங்கு கிடைக்கிறது. இடைநிற்பவர் பயனில் எதையும் தாமாக விளைவிக்கவில்லை. வழியில் நின்றமைக்கே முனையிலுள்ளவருக்கு நிகரான பங்கைப் பெறுகிறார். அவரைப் போலவே இணைக்கவல்ல இன்னொருவர் வந்தால் ஒவ்வோர் இடைநிற்பவரின் பங்கும் 1/12ஆகக் குறைகிறது. முனையிலுள்ள இருவரும் தலைக்கு 5/12 பெறுகின்றனர். இருவருக்கும் நேரடித் தொடர்பு கிடைத்துவிட்டால் இடைநிற்பவரின் பங்கு சுழியம். ஆகவே நடுவில் நிற்பது மட்டும் வலிமை தருவதில்லை. மற்ற வழிகள் அடைபட்டிருப்பதே வலிமை தருகிறது.

களவில் ஒரே வழி

அகமரபு களவுக் கூட்டத்தை இயற்கைப் புணர்ச்சி, இடந்தலைப்பாடு, பாங்கற் கூட்டம், தோழியிற் கூட்டம் என நான்காகப் பகுக்கிறது. முதல் இரண்டில் தலைவனும் தலைவியும் இடைநிற்பவர் இன்றியே சந்திக்கின்றனர். நேரடித் தொடர்பு இருந்தால் இடைநிற்பவருக்குப் பங்கில்லை என்னும் கணக்கின்படி தோழிக்கு இங்கு வலிமை இருத்தல் இயலாது. ஆனால் அச்சந்திப்பு ஊழால் நேர்ந்தது. தலைவி ஆயத்தார் சூழ வாழ்பவள். தாயின் காவலுக்கு உட்பட்டவள். ஒருமுறை நேர்ந்த சந்திப்பை நாள்தோறும் நிகழும் உறவாக்கத் தலைவனுக்குத் தோழியை விட்டால் வேறு வழியில்லை. கோடு உண்டா இல்லையா என்று மட்டும் பார்க்கும் வரைபடம், அக்கோடு மீண்டும் பயன்படுமா என்பதைப் பார்ப்பதில்லை. அகமரபோ இயற்கைப் புணர்ச்சிக்கும் தோழியிற் கூட்டத்துக்கும் இடையே அவ்வேறுபாட்டை வைத்தே துறைகளை அடுக்குகிறது.

தொல்காப்பியக் களவியல் தோழியைச் செவிலியின் மகள் என வரையறுக்கிறது. இக்குறிப்பு குடும்ப உறவைச் சுட்டுவதோடு நில்லாமல் வலைப்பின்னலில் அவளது இடத்தையும் உறுதிசெய்கிறது. தலைவியோடு ஒருங்கே வளர்ந்தமையால் அவள் உள்ளத்தை அறிவாள். செவிலியின் மகளாதலால் இல்லத்தின் போக்கையும் அறிவாள். காவலின் உள்ளும் புறமும் சென்றுவரக்கூடியவள் அவள் ஒருத்தியே.

கையுறை மறுத்தலும் மடலும்

ஒரே வழியாக நிற்பவள் அவ்வலிமையை எவ்வாறு செலுத்துகிறாள் என்பதைச் சேட்படைத் துறைகள் காட்டுகின்றன. தலைவன் தழையும் பூவும் கையுறையாகக் கொண்டுவந்து குறையிரக்கிறான், தோழி மறுக்கிறாள். கடவுள் வாழ்த்தை அடுத்து வரும் குறுந்தொகையின் முதற்பாடல் இத்துறையினது. திப்புத்தோளார் பாடிய அப்பாடலில், தலைவன் கொணர்ந்த காந்தள் தங்கள் மலையில் நிறையவே உண்டு எனத் தோழி கூறுகிறாள். மறுப்புக்கு அவள் காட்டும் காரணம் எளிது. அதன் செயலோ நுட்பமானது: எளிதில் கிடைக்கும் பொருளைக் கொடுத்து இவ்வழியைத் திறக்க இயலாது என்பதை அவள் உணர்த்துகிறாள்.

பொருளியலறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் விளக்கிய குறிப்புணர்த்தல் கோட்பாடு இங்குப் பொருந்தும். உள்ளத்தின் உறுதியை வெளியிலிருந்து காண இயலாதபோது, உறுதியற்றவர் தாங்கமாட்டாத செலவை ஏற்பவரே உறுதியுடையவர் என அறியப்படுவார். சேட்படை அத்தகைய செலவைத் தலைவன்மேல் சுமத்துகிறது. பலநாள் அலைக்கழிந்தும் மீண்டும் வருபவனைத் தோழி ஏற்கிறாள்.

தலைவனுக்கும் மாற்று ஒன்று உண்டு: பனைமடலால் குதிரை செய்து ஏறி, தன் காதலை ஊரறியச் செய்தல். குறுந்தொகை 17ஆம் பாடலில் பேரெயின் முறுவலார் இம்மாற்றைப் பேசுகிறார். மடலேறுதல் தோழியைக் கடந்து ஊரின் முன் வழக்கைக் கொண்டுசெல்லும் வழி. அதனால் தலைவனுக்கு நாணிழப்பு, தலைவிக்கு அலர், தோழிக்குத் தன் இடத்தின் இழப்பு. எல்லார்க்கும் கேடு தரும் செயலைச் செய்வேன் எனக் கூறுவது எப்போது நம்பத்தக்கதாகும் என்பதைத் தாமஸ் ஷெல்லிங் 1960இல் ஆராய்ந்தார். இழப்பதற்கு இனி ஒன்றுமில்லை எனத் தோன்றுபவனின் அச்சுறுத்தலே நம்பப்படும். மடல் பாடல்களில் தலைவன் தன் காமத்தை முதிர்ந்ததாகவும் தன் நாணத்தை அழிந்ததாகவும் காட்டிக்கொள்வது இதனால்தான். பெரும்பாலான பாடல்களில் மடல் ஏறப்படுவதில்லை. ஏறுவேன் என்ற சொல்லே தோழியின் மறுப்பைத் தளர்த்தப் போதுமானதாகிறது.

தோழியின் வலிமை முழுமையாக வெளிப்படுவது வரைவு கடாதலில். பகற்குறி மறுத்து இரவுக்குறி நேர்தலும், இரவில் வழியின் ஏதம் கூறி அதனையும் மறுத்தலும், அலரையும் இற்செறிப்பையும் நொதுமலர் வரைவையும் எடுத்துரைத்தலும் ஆகிய யாவும் வழியைப் படிப்படியாக அடைக்கும் செயல்கள். இறுதியில் தலைவனுக்குத் திறந்திருப்பது வரைவு ஒன்றே. ஒரே வழியாக நிற்பவள், அவ்வழியை மூடித் தன் நிபந்தனையைப் பெறுகிறாள்.

கற்பில் பன்னிரு வாயில்

வரைவுக்குப் பின் வலைப்பின்னல் மாறுகிறது. தலைவன் பரத்தையிற் பிரிந்து மீளும்போது ஊடல் தணிக்க இடைநிற்போரைத் தொல்காப்பியக் கற்பியல் வாயில்கள் எனப் பெயரிட்டுப் பன்னிருவராக எண்ணுகிறது. தோழி அவர்களுள் ஒருத்தி. பாணன், பாடினி, கூத்தர், விறலியர், பாங்கன், பார்ப்பான், இளையர், விருந்தினர், அறிவர், கண்டோர், தாய் ஆகியோர் ஏனையோர். களவில் ஒருத்தியாக நின்றவள் இங்குப் பன்னிருவரில் ஒருத்தியாகிறாள்.

பன்னிருவரில் எவரும் ஊடல் தணிக்கவல்லவர் எனக் கொண்டு ஷாப்லி முறையைப் பொருத்தினால் ஒருவரின் பங்கு 1/1092 என வரும். பன்னிருவரின் பங்கையும் கூட்டினாலும் 1/91 மட்டுமே. எஞ்சிய 90/91 பங்கு தலைவனையும் தலைவியையும் சேரும். களவில் 1/3 பெற்றவள் கற்பில் ஆயிரத்தில் ஒன்றினும் குறைவாகப் பெறுகிறாள். பன்னிருவரும் நிகரான திறத்தினர் என்பது எளிமைப்படுத்திய கொள்கைதான். விருந்தினர் வந்தால் தணியும் ஊடல் பாணன் வந்தால் தணிவதில்லை. ஆயினும் கணக்கு காட்டும் திசை பாடல்களின் திசையோடு ஒத்துள்ளது. மருதத் திணையில் வாயில் மறுக்கும் உரிமை தலைவிக்குரியது. பாணன் பொய்யன் எனப் பழிக்கப்படுகிறான். வாயில்கள் பலவாகப் பெருகியபோது வலிமை வாயிலிலிருந்து வாயிலுக்குள் இருப்பவளிடம் சென்றுவிட்டது.

இங்கே சிக்கல் எழுகிறது. தன் பங்கைப் பெருக்க விழையும் இடைநிற்பவர் களவை நீட்டிக்கவே வேண்டும். களவு நீளும்வரை அவருக்கு 1/3. வரைவு நிகழ்ந்தால் 1/1092. தோழியோ களவைச் சுருக்கவே முயல்கிறாள். சிம்மல் கூறிய ஆதாயம் பெறும் மூன்றாமவராகும் வாய்ப்பு முழுவதும் கையிலிருக்க, அதனை முடித்துவைக்கும் செயலுக்கே தன் வலிமையைச் செலவிடுகிறாள். கையுறை பெறுதலும் அவள் குறிக்கோளன்று. கணக்கு அவளது வலிமையை விளக்குகிறது. அதனை அவள் செலவிடும் முறையை விளக்கவில்லை.

தலைவியின் நலமே தோழியின் பயன் எனக் கொண்டால் சிக்கல் தீரும் என்று ஆட்டக் கோட்பாட்டாளர் மறுமொழி கூறலாம். அவ்வாறு கொள்வதில் தவறில்லை. ஆனால் அது விடையை முன்கூட்டியே வினாவுக்குள் வைப்பதாகும். கணுவாக மட்டும் எண்ணப்பட்ட ஒருத்திக்கு அத்தகைய பயன் எங்கிருந்து வந்தது என்பதைக் கோடுகளால் கூற இயலாது, பாடல்களே கூறவேண்டும். தோழி புலவர் படைத்த மரபுப் பாத்திரம் என்பதும் மறக்கத்தக்கதன்று. சங்ககாலத்தில் தோழியர் அனைவரும் தன்னலமற்றிருந்தனர் என்பதற்கு இப்பாடல்கள் சான்றாகா. இடைநிற்பவர் எவ்வாறு இருத்தல் வேண்டும் என அம்மரபு கருதியதற்கே அவை சான்று.

குறிஞ்சிப்பாட்டு: இடைநிற்பவளின் கூற்று

கபிலரின் குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளாலானது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தப் பாடியது எனப்படுவது. 99 மலர்களின் பெயர்களை அடுக்கிக் கூறுவதற்காகவே அது பெரிதும் எடுத்தாளப்படுகிறது. பாட்டு முழுவதும் ஒரே கூற்று என்பதும் அக்கூற்று இடைநிற்பவளுடையது என்பதும் போதிய கவனம் பெறவில்லை. தலைவியின் மெலிவைக் கண்டு வருந்தும் செவிலிக்குத் தோழி அறத்தொடு நிற்பதே பாட்டின் நிகழ்வு.

அறத்தொடு நிற்றல் ஒரு சங்கிலி. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையர்க்கும் உரைப்பது மரபு. தமையரைத் தந்தையோடு ஒன்றாக எண்ணினால் ஐந்து கணுக்கள் ஒரே கோட்டில் நிற்கும் இவ்வமைப்பில் ஒவ்வொருவர் பங்கும் 1/5. ஒருவர் வாய்மூடினாலும் செய்தி நின்றுவிடும். வேலனை அழைத்து வெறியாட்டு நிகழ்த்துதல் செவிலியிடம் எஞ்சியுள்ள வேறொரு வழி. அவ்வழியில் பொய்ச்செய்தியே வரும். தோழி பேசியாக வேண்டிய நெருக்கடி இது.

பாட்டின் தொடக்கத்தில் தோழி தன் நிலையை உவமையால் உரைக்கிறாள். பகை முற்றிய இரு பேரரசர்க்கிடையே சந்து செய்ய நின்ற சான்றோரைப் போலத் தான் இரண்டு பெரிய அச்சங்களோடு நிற்பதாகக் கூறுகிறாள். தாய்க்கு அஞ்சுவது ஒன்று. தலைவியின் துயருக்கு அஞ்சுவது மற்றொன்று. நடுவிடம் ஆதாயம் தரும் இடம் எனக் கோட்பாடு கூறுமிடத்தில், அவ்விடத்தில் நிற்பவளின் சொல்லாகக் கபிலர் வைப்பது அச்சத்தை. இரு பக்கமும் பிணைந்திருப்பவருக்கு இரு பக்கத்து இழப்பும் தம் இழப்பே. 1/3 என்னும் பங்கு இந்த அச்சத்தைக் கணக்கில் கொள்ளவில்லை.

உவமையில் வரும் சான்றோர் கற்பனையல்லர் என்பதைப் புறநானூறு காட்டும். உறையூரில் நெடுங்கிள்ளியை நலங்கிள்ளி முற்றியிருந்தபோது கோவூர்கிழார் பாடிய 45ஆம் பாடல் அத்தகைய சந்து. இருவரும் ஆத்தி சூடிய ஒரே குடியினர். எவர் தோற்றாலும் தோற்பது அக்குடியே. இருவரும் வெல்லுதல் இயல்பன்று என்பது அவர் வாதம். ஒருவர் வெற்றி மற்றவர் தோல்வியாக இருந்த ஆட்டத்தில், பயனை அரசனுக்கு எண்ணாமல் குடிக்கு எண்ணச் செய்து, எவ்வகையிலும் இழப்பே தரும் ஆட்டமாக அதனை அவர் காட்டிவிடுகிறார். அவரிடம் படையில்லை, விலக்கிக்கொள்ளத்தக்க வழியும் இல்லை. ஆட்டத்தைக் காணும் முறையை மாற்றுவதே அவருடைய வலிமை. 47ஆம் பாடல் இடைவழியின் ஏதத்தைக் காட்டுகிறது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். கோவூர்கிழார் பாடி அவனை மீட்டார். இரு பக்கமும் செல்பவர் மீது இரு பக்கமும் ஐயம் விழும்.

குறிஞ்சிப்பாட்டின் தோழியும் கோவூர்கிழார் செய்ததையே செய்கிறாள். சினவாது கேட்குமாறு செவிலியை வேண்டி, புனங்காவல் தொடங்கி நடந்தவற்றை வரிசையாக உரைக்கிறாள். மதங்கொண்ட யானை வந்ததும், தலைவன் அம்பெய்து காத்ததும், கடவுளை முன்னிறுத்தி மலையருவி நீர் பருகி அவன் சூளுரைத்ததும் கூறப்படுகின்றன. கேட்கும் செவிலியின் முன் நிற்கும் தெரிவு இப்போது மாறிவிடுகிறது. மகளைக் காப்பதா விடுவதா என்பதாக இருந்தது, காத்தவனுக்குக் கொடுப்பதா மகளை இழப்பதா என்பதாகிறது. தொல்காப்பியப் பொருளியல் அறத்தொடு நிற்றலை எளித்தல், ஏத்தல் முதலாக உண்மை செப்பல் ஈறாக எழுவகைப்படுத்துவது, இடைநிற்பவர் ஒரே செய்தியை எவ்வெவ்வாறு வைக்கலாம் என்பதன் வகைப்பாடே.

எல்லாவற்றினும் முதன்மையானது, பேசுவதற்கு முன் நிகழ்வது. தந்தையின் காவலைக் கடந்து தாம் இருவரும் ஆய்ந்து கொண்ட மணம் இது எனத் தெரிவிப்பதில் பழியுண்டோ என்று தலைவியே கேட்டதாகத் தோழி செவிலிக்குக் கூறுகிறாள். அதாவது தோழியின் கூற்றுக்குத் தலைவியின் இசைவு முன்னிற்கிறது. அறத்தொடு நிற்கும் காலம் வந்தாலன்றித் தோழி மறைபொருளை வெளியிடாள் எனத் தொல்காப்பியமும் வரையறுக்கிறது. முனையில் இருப்பவளின் சொல்லே நடுவில் நிற்பவளின் வழியாகச் செல்கிறது. தோழியின் வலிமை தரகரின் வலிமையிலிருந்து பிரியும் இடம் இதுவே.

மேற்கு மாம்பலம்: முனையில் இருப்பவர் யார்?

திருமணத் தரகரின் தொழில் முறையைக் கணக்கு செவ்வனே விளக்குகிறது. இரு வீட்டாரின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் முடிந்தவரை தம்மிடமே வைத்திருப்பது தரகின் தற்காப்பு. இரு வீட்டாரும் நேரே பேசத் தொடங்கிவிட்டால் அவர் பங்கு சுழியமாகிவிடும். ஒரே ஜாதகம் பல தரகரிடம் சென்றால் அவர்கள் ஒவ்வொருவரின் பங்கும் 1/3இலிருந்து 1/12ஐ நோக்கிச் சரியும். மேற்கு மாம்பலம் போன்ற நெருங்கிய குடியிருப்பில் ஒரே கோயிலுக்கும் ஒரே மண்டபத்துக்கும் செல்வோர் தாமே ஒருவருக்கொருவர் வாயிலாவதால் தரகரின் தனியுரிமை அங்கே எப்போதும் முழுமையாக இருந்ததில்லை. பிள்ளைகள் அயலூரிலும் அயல்நாட்டிலும் பணிபுரியும் நிலையில் அண்டை அயலாரின் தொடர்பு போதாதபோது மட்டும் அவர் இன்றியமையாதவராகிறார்.

இணையவழித் திருமணத் தளங்கள் நடைமேம்பாலத்தைப் போல மாற்றுவழியாக வந்தவை. அத்துறையின் பெரிய நிறுவனங்களுள் ஒன்றும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டதுமான மேட்ரிமோனி.காம் 2017இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. தரகரைத் தவிர்க்க வந்த தளத்திலும் தொலைபேசி எண்ணைக் காணக் கட்டணம் செலுத்தவேண்டியுள்ளது. முகவரியை மறைத்த தரகரின் உத்தி இங்கே உறுப்பினர் கட்டணமாகியிருக்கிறது. மேலும் எல்லாரும் இருக்கும் தளத்திலேயே எல்லாரும் சேர விழைவதால், வழிகளைப் பெருக்க வந்த அமைப்பு மீண்டும் ஒருசில வழிகளாகச் சுருங்குகிறது. பன்னிரு வாயில்கள் நிலைக்கவில்லை; பெரிய வாயில்கள் சிலவே எஞ்சுகின்றன.

இவையெல்லாம் நடுவிடத்தைப் பற்றியவை. அகமரபு எழுப்பும் வினா முனையைப் பற்றியது. களவின் வலைப்பின்னலில் முனைகளாக இருப்போர் தலைவனும் தலைவியும். தரகரின் வலைப்பின்னலில் பல வேளைகளில் முனைகளாக இருப்போர் இரு வீட்டுப் பெற்றோர். கட்டணம் தருபவரும் நிபந்தனை கூறுபவரும் அவர்களே. மணந்து வாழவேண்டிய இருவர் ஜாதகத்தின் பெயர்களாகப் பரிமாறப்படும் பொருளாகின்றனர். டேவிட் கேலும் ஷாப்லியும் 1962இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, மணமக்கள் ஒவ்வொருவரின் விருப்ப வரிசையும் தெரிந்தால் நிலையான இணைகளை அமைக்க இயலும் என நிறுவியது. யாருடைய விருப்ப வரிசை என்பதை அக்கட்டுரை ஐயத்துக்கு இடமின்றி எடுத்துக்கொள்கிறது. தரகுச் சந்தையில் தீர்க்கப்படாத வினா அதுவே.

இன்னொன்றும் உண்டு. பர்ட் கூறும் இடைவெளி தானே அமைந்ததாகத் தோன்றும். திருமணத் தரகர் இணைக்கும் இடைவெளியோ பெரும்பாலும் சாதி எல்லைக்குள் உள்ள சிறிய இடைவெளி. அவ்வெல்லையைத் தாண்டிய பேரிடைவெளியை அவர் கடப்பதில்லை. கடப்பின் அவர் தொழில் நடைபெறாது. இணையதளங்களில் சாதி தேடுகூறாக இடம்பெறுவதால் அவ்வெல்லை இன்னும் துல்லியமாகிறது. மற்ற வழிகள் அடைபட்டிருப்பதே இடைநிற்பவரின் வலிமை எனில், அவ்வழிகளை அடைத்து வைத்திருக்கும் ஏற்பாட்டால் ஆதாயம் பெறுவோருள் அவரும் ஒருவராகிறார். தரகரைத் தனி மனிதராகப் பழிப்பது இதனால் பொருளற்றது. தம் பிழைப்புக்காக அலையும் முதிய தரகர் பலர் தோழியைப் போலவே இரு அச்சங்களோடு நிற்பவர்கள். ஒரு நிச்சயம் முறிந்தால் இரு வீட்டார் பழியும் அவர்மீதே விழும். ஆராயப்பட வேண்டியது அவர் நிற்கும் வலைப்பின்னல்.

முடிவுரை

இடைநிற்பவரின் வலிமை அவரது இடத்தால் மட்டும் அமைவதன்று. மாற்றுவழிகள் இன்மையால் அமைவது என்பதை ஆட்டக் கோட்பாடு நிறுவுகிறது. களவில் தோழி ஒருத்தியையும் கற்பில் பன்னிரு வாயில்களையும் வைத்த அகமரபு, இவ்வேறுபாட்டைத் துறைகளின் அமைப்பிலேயே கொண்டுள்ளது. கணக்கும் மரபும் இதுவரை ஒத்துச் செல்கின்றன.

அதற்கு அப்பால் மரபு இரண்டு செய்திகளைச் சேர்க்கிறது. நடுவிடம் பங்கு தருவதோடு அச்சமும் தருவது என்பது ஒன்று. நடுவில் நிற்பவரின் சொல் முனையில் இருப்பவரின் இசைவால் மட்டுமே அறமாகிறது என்பது மற்றொன்று. தோழி தன் பங்கை இழக்கத் துணிவது இவ்விரண்டின் விளைவு: தலைவியின் சொல்லைச் சுமப்பவளாதலால், அச்சொல் சேரவேண்டிய இடத்தைச் சேர்ந்தபின் அவள் வேலை முடிகிறது. மேற்கு மாம்பலத்துத் தரகையோ திருமணத் தளங்களையோ மதிப்பிடுவோர், இடைநிற்பவர் எவ்வளவு பெறுகிறார் என்பதற்கு முன்னர், யாருடைய இசைவோடு அவர் பேசுகிறார் என்று கேட்டல் வேண்டும். குறிஞ்சிப்பாட்டில் செவிலிக்கு அவ்வினாவின் விடை முதலிலேயே கிடைத்துவிடுகிறது.